ஆற்றங்கரைக் கடையைப் பூட்டப் போனது

மார்ச் 3, செவ்வாய்

ஒஸ்லோவில் மழை. நோர்வேயின் வடகோடியில், இங்கே இறங்கும்போது மைனஸ் இருபத்தாறு. மூக்குக்குள் மயிர் விறைக்கிறது. வந்த அலுவல்கள்: அக்கா செத்து ஒரு வருடம், ஆட்டைத் திவசம். அத்தானின் கடையைப் பூட்டுவது. அவரை ஒஸ்லோவுக்கு, ஹொல்ம்லியாவில் என் வீட்டுக்குக் கூட்டிப்போவது. முதலாவது மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

ஊரைச் சுற்றிப் பார்த்தேன். அதிக நேரம் தேவைப்படவில்லை. ஒரு தெரு, ஒரு தேவாலயம். பள்ளிக்கூடம் பூட்டு. வங்கி பூட்டு. முதியோர் இல்லத்தில் மட்டும் எல்லா ஜன்னலிலும் வெளிச்சம். சால்மன் பிடிக்கத் தடை, கோடையில் வெளியாட்களும் வருவதில்லை. ஆறு கல்லாக இறுகி, மேலே கார் ஓடுகிறது. அக்கரை பின்லாந்து, அங்கே சாமான் மலிவு. ஆறு உறைந்தால் சனம் நேரே அக்கரைக்கு. நானென்றாலும் போவேன். சாமான் லொறியும் ஏப்ரலோடு வராதாம். கடை முடிந்த கதை.

அத்தான் பாதியாகிவிட்டார். இரவு பாணும் மீன் டின்னும். அவர் தொடவில்லை.

மார்ச் 4, புதன்

திவசம். போன வருடம் ஐஸ் உடையும்வரை வைத்திருந்து, அக்காவின் சாம்பலை இந்த ஆற்றில்தான் கரைத்தார். பிண்டமும் இதே தண்ணீரில் என்று பிடிவாதம். பக்கத்து வீட்டு அஸ்லாக், தூண்டில் போடத் துளைக்கிற கருவியால் ஆற்றின் நடுவே ஓட்டை போட்டுத் தந்தார். ஐயர் ஒஸ்லோவிலிருந்து வீடியோவில். "எள்ளும் தண்ணியும் விடுங்கோ" என்றதோடு குளிரில் என் போன் செத்தது. மிச்சம் எங்களுக்குத் தெரிந்தபடி.

அஸ்லாக் சோற்று உருண்டையைப் பார்த்தார். "மீனுக்கா?"

"மீனும் தின்னும்" என்றார் அத்தான்.

"பிடிக்கத்தான் தடை. சாப்பாடு போடத் தடையில்லை."

இருவரும் சிரித்தார்கள். நல்ல நேரம் என்று நினைத்து, வீட்டுக்கு வந்ததும் கதையைத் தொடங்கினேன்.

"அத்தான், கடையைப் பூட்டிப்போட்டு என்னோட வாங்கோ."

"கொக்கா இஞ்சை கிடக்க நான் எங்கை வாறது?"

"அக்கா எப்பவோ கடலுக்குப் போயிருப்பா. ஆறு ஓடுமெல்லே."

அவர் எழும்பிக் கடைக்குள் போனார். சொன்னது உண்மைதான். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

மார்ச் 5, வியாழன்

காலையில் கடை திறக்கவில்லை. வாசலில் இரண்டு கிழவிகள், பாலுக்கு. அத்தானின் கட்டில் காலி. தேடப் புறப்படுகையில் அஸ்லாக் பனி ஸ்கூட்டரில் அவரை ஏற்றிக்கொண்டு வந்தார். ஓட்டைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாராம். கையுறை இல்லை. விரல்கள் மெழுகுபோல.

"அது திரும்ப மூடுது தம்பி. உடைச்சுக்கொண்டிருந்தனான்."

இரண்டு கையிலும் கட்டு. கட்டிவிட்ட முதியோர் இல்லத்துத் தாதி என்னைத் தனியே கூப்பிட்டாள். இரண்டு விரல் தப்பாதாம். ஆளை இனித் தனியே விடக் கூடாதாம்.

பின்னேரம் அவரிடம் கேட்கவில்லை. நாளைக்குப் போகிறோம் என்று சொன்னேன். தலையாட்டினார்.

மார்ச் 6, வெள்ளி

பாலும் பாணும் முதியோர் இல்லத்துக்கு. மிச்சச் சாமான் அஸ்லாக்கின் கராஜுக்கு. நானே பூட்டினேன். ஒரு கிழவி வந்து கதவை இழுத்துப் பார்த்தாள். எப்போது திறப்பீர்கள் என்று கேட்டாள்.

அத்தான் முந்திக்கொண்டார்: "திங்கட்கிழமை."

நான் திருத்தவில்லை. கார்க் கதவைத் திறந்துவிட்டேன். ஏறினார். கட்டுப் போட்ட கையால் பெல்ட்டை மாட்ட அவரால் முடியவில்லை. குனிந்து மாட்டிவிட்டேன்.