ரெங்கம்மாவின் பிறப்பு இருக்கும் வன்தட்டைத் துடைக்க வேண்டாம்

அனுப்புபவர்:
ந. சதீசன்,
கணினி வன்பொருள் தொழினுட்பவியலாளர்,
கீழ்ப்பிரிவு, வெள்ளைப்பாறைத் தோட்டம், பதுளை.

பெறுபவர்:
முகாமையாளர்,
வெள்ளைப்பாறைத் தோட்டம்.

விடயம்: அலுவலக வன்தட்டை உடனே என்னிடம் ஒப்படைக்கக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா,

01.10.2025 புதன்கிழமை காலை 10.20க்கு, ஆயுத பூஜையின்போது, அலுவலக வன்தட்டின் உள்ளே மூன்று பொட்டுகள் வைக்கப்பட்டன. சந்தனம் இரண்டு, குங்குமம் ஒன்று. வெளியே வைத்திருந்தால் இந்த மனுவே இல்லை.

1. கணினியில் சேமிப்பதெல்லாம் வன்தட்டில்தான் கிடக்கிறது. உள்ளே கண்ணாடிபோல் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5,400 தடவை சுழலும். படிக்கும் முனை அதைத் தொடாமல், தலைமயிர் நுழையாத இடைவெளியில் மிதக்கும். அங்கே ஒரு தூசியே பாறாங்கல். சந்தனம், ரயில் பாதையில் மண்சரிவு.

2. தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திர மூடியைக் கழற்றி, கொழுந்து அரைக்கும் உருளைக்கே பொட்டு வைப்பது நம் வழக்கம். அதன்படி இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர் பொன்னையா அண்ணன் இதையும் கழற்றினார். கேட்டால், "மூடிக்கு வச்சா மூடிக்குத்தான் தம்பி போய்ச் சேரும்" என்கிறார். தலைமை எழுதுவினைஞர் செல்வரத்தினம் ஐயாவோ, "ஆசி பதிவுக்கோ வேணும், பெட்டிக்கோ?" என்கிறார். இருவருக்கும் பக்தி குறைவில்லை. அதுதான் பிரச்சினை.

3. மறுநாள் நல்ல நேரம் பார்த்து இயக்கினார்கள். 'டக் டக்' என்று முனை அடித்துக்கொண்டது. "சாமி பதில் சொல்லுதுங்க" என்று பொன்னையா அண்ணன் கும்பிட்டார். நான் ஓடிப்போய் வயரைப் பிடுங்கினேன். அதற்காக மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

4. அதில் தோட்டத்தின் பழைய பிறப்புப் பதிவேடுகள், படம்பிடித்துச் சேமித்த 4,316 பக்கங்கள் உள்ளன. மூலப் புத்தகங்களைக் கறையான் தின்றதால் எரித்துவிட்டார்கள். பிரதி எடுக்க இன்னொரு வன்தட்டு கேட்டேன். "ஒண்டு காணும், ரெண்டாவது எதுக்கு?" என்றார் செல்வரத்தினம் ஐயா. அறுபத்தொரு வயதாகியும் அடையாள அட்டை இல்லாத கொழுந்து பறிக்கும் தொழிலாளி ரெங்கம்மாவுக்கு 15ஆம் திகதி பதுளையில் பிறப்புப் பதிவு விசாரணை. அவருக்கு இருக்கும் ஒரே சான்று 1964ஆம் ஆண்டுப் பக்கம். "அப்ப நான் பொறக்கவே இல்லையா தம்பி?" என்று கேட்கிறார்.

5. நாளை காலை ஒன்பதுக்கு அதைத் திறந்து ஓடிக்கொலோன் வாசனைத் தண்ணீர் போட்டுத் துடைக்கப்போகிறார்களாம். தயவுசெய்து தடுங்கள். துடைத்தால் மிச்சமும் போய்விடும்.

தாங்கள் இம்மனுவில் அனுமதிக் கையொப்பமிட்டதும் நான் செய்யப்போவது:

1. நாளை காலை ஆறரைக்கே அலுவலக வாசலில் நிற்பேன்.
2. வன்தட்டை மடியில் வைத்துக்கொண்டு கொழும்பில் தரவு மீட்கும் ஆய்வுகூடத்துக்குப் போவேன்.
3. மீண்டதை மூன்று பிரதி எடுத்து மூன்று ஊரில் வைப்பேன்.
4. மீளாவிட்டால், 15ஆம் திகதி ரெங்கம்மாவை ஏற்றிப்போகும் முச்சக்கரவண்டியில் செல்வரத்தினம் ஐயாவையும் ஏற்றுவேன். பிறப்பு எங்கே போனது என்று அதிகாரி கேட்டால், அவரே சொல்லட்டும்.

இடம்: வெள்ளைப்பாறை
திகதி: 03.10.2025

இப்படிக்கு,
ந. சதீசன்