பீமன் மேல் கட்டிய பிராது

விருத்தாசலம்
புரட்டாசி 22, புதன்கிழமை

அன்பு மகள் காவியாவுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே எனக்கு முட்டிவலியைத் தவிர வேறு குறையில்லை, உன் அப்பாவுக்கு வாயைத் தவிர வேறு குறையில்லை. அயர்லாந்துக் குளிரில் நீ சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று விருத்தகிரீஸ்வரரிடம் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியுமோ என்னவோ, சொல்லி வைப்பது என் வேலை. உன் ஊரிலேயே வேலை பார்க்கும் மதிவாணன் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை கிளம்புகிறான், அவனிடம் வடகமும் பருப்புப் பொடியும் கொடுத்தனுப்புகிறேன், கூடவே இந்தக் கடிதத்தையும். வடகத்தை ஒருமுறை வெயிலில் காட்டி எடுத்து வை என்று எழுத வந்தேன், உங்கள் ஊரில் வெயிலே கிடையாது என்கிறான் மதிவாணன், அப்படியென்றால் சீக்கிரம் தின்று தீர்த்துவிடு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், உட்கார்ந்து படி. நீ ஒவ்வொரு ஞாயிறும் போனில், அம்மா பீமன் சாப்பிட்டானா, குட்டிங்க எல்லாம் நல்லா இருக்குதா என்று கேட்கிறாய், போன இரண்டு ஞாயிறும் நான் தொட்டியில் ஏஞ்சல் மீன் நாலும் நிற்கிற பக்கத்தை மட்டும் காட்டிவிட்டு சிக்னல் சரியில்லை என்று கட் பண்ணினேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. நீ விட்டுப் போன சின்ன நியான் மீன் இருபத்திரண்டில் இப்போது இருப்பது ஒன்பது. திட்டுவதென்றால் முழுவதும் படித்துவிட்டுத் திட்டு. முதலில் அந்தக் கடைக்காரனைத் திட்ட வேண்டும், விரல் நீளத்தில் ஒரு ஆஸ்கர் மீன் குட்டியைக் கொடுத்து இதற்கு மேல் வளராது என்று உன் தலையில் கட்டினானே, அவனை. மச்சாவதாரக் கதையில் கமண்டலத்தில் எடுத்த குட்டி மீன் வளர்ந்து வளர்ந்து குடம் பத்தாமல் குளம் பத்தாமல் போனதைப் போல, உன் பீமன் இன்றைக்கு என் கைச்சாண் நீளம் இருக்கிறான். அவதாரமாக இருந்தாலாவது நமக்கு ஏதாவது வரம் கிடைக்கும், இவனிடம் கிடைப்பது தண்ணீர் மாற்றும் வேலை மட்டும்தான்.

நீ தொட்டிக்கு மேலே ஒட்டிவைத்த தாளில் எழுதியபடிதான் ஆவணி முடிய எல்லாம் நடந்தது. பெரியவனுக்கு முதலில் இடது மூலையில் பெரிய உருண்டைத் தீனி, அவன் வயிறு நிறைந்து ஒதுங்கிய பிறகு பத்து நிமிடம் கழித்து வலது மூலையில் சின்னதுகளுக்குப் பொடித்த தீனி, வாரம் இரண்டு நாள் உரித்த இறால், ஒரு நாள் பட்டினி. பசித்தவனுக்கு முதலில் போட்டுவிட்டால் அவன் சின்னதுகளைத் திரும்பிப் பார்க்க மாட்டான் என்று நீ சொன்னது சரி, உன் அப்பாவும் அந்த ரகம்தான், முதல் தோசை தட்டில் விழுந்துவிட்டால் பிறகு வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது. காலையில் விளக்கேற்றியதும் கரண்டியால் கண்ணாடியை இரண்டு தட்டு தட்டுவேன், வந்து நிற்பான், போடுவேன், எத்தனை உருண்டை, எத்தனை குட்டி என்று நோட்டில் எழுதுவேன். பால் கணக்குக்கு அடுத்த பக்கம் மீன் கணக்கு. ஒரு நாள் கூட விட்டதில்லை.

அப்புறம் புரட்டாசி பிறந்தது. நம் வீட்டில் புரட்டாசி என்றால் முட்டை ஓடு கூட வாசலைத் தாண்டாது என்று உனக்குத் தெரியும். முதல் நாள் அடுப்பு, பிரிட்ஜ், பாத்திரம் எல்லாம் கழுவினேன், பிரிட்ஜில் இருந்த பீமன் இறாலைப் பக்கத்து வீட்டு அன்புக்கரசியிடம் கொடுத்துவிட்டேன், அவள் மாதா கோயிலுக்குப் போகிறவள், அவளுக்குப் புரட்டாசியும் ஒன்றுதான் ஐப்பசியும் ஒன்றுதான். அதோடு விட்டிருந்தால் கெட்டுப்போயிருக்காது. எட்டாவதோடு நின்ற எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக் கொடுத்தது பிஸ்கட் பாக்கெட்டும் மாத்திரை அட்டையும்தானே, அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு உருண்டைத் தீனி டப்பாவைத் திருப்பிப் படித்தேன். ஃபிஷ் மீல் என்று போட்டிருந்தது. மீனுக்கு மீனையே அரைத்துப் போட்டிருக்கிறான். ஏதோ பச்சைப்பயறு உருண்டை என்று நினைத்து ஒன்றரை வருஷம் பூஜை ரூமுக்குப் பக்கத்து அலமாரியில் வைத்திருந்தேனே என்று எனக்கு உடம்பே கூசிப்போயிற்று, அந்த டப்பாவும் அன்புக்கரசி வீட்டுக்குப் போயிற்று. அன்றிலிருந்து பீமனும் புரட்டாசி விரதம். வேகவைத்த பட்டாணி, பூசணித் துண்டு, உதிர்த்த இட்லி. உன் அப்பா ராத்திரி ஷிப்ட் முடிந்து செராமிக் யூனிட்டிலிருந்து வந்து பார்த்துவிட்டு, ஏண்டி அமுதவள்ளி, அவன் என்ன பாவம் பண்ணான், ஸ்ரீமுஷ்ணத்துக்கு அவனையும் பஸ்ஸுல கூட்டிக்கிட்டுப் போயி மொட்டை போட்டுருவியா என்றார். முதல் சனிக்கிழமை ஸ்ரீமுஷ்ணம் போய் பூவராகரைக் கும்பிட்டு வந்த வாயால் அவரோடு சண்டை வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் குட்டிகளில் இரண்டு குறைந்தது. எண்ணினேன், மறுபடி எண்ணினேன், இருபது. மறுநாள் பதினெட்டு. நவராத்திரி நடுவில் பதினைந்து, அதற்கு மறுநாள் பன்னிரண்டு, பிறகு பத்து. மூடி போட்ட தொட்டி, பூனை வர வழியில்லை, செத்து மிதக்கவும் இல்லை. பீமன் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை கண்ணு, விரதம் இருக்கிற பிள்ளையை யாராவது சந்தேகப்படுவார்களா. எனக்குச் சந்தேகம் வந்தது அன்புக்கரசி மேல். கொலு பார்க்க தினமும் வந்தாள், கொலுவைப் பார்த்ததை விட மீனைப் பார்த்ததுதான் அதிகம், இன்னாக்கா, இத்துனூண்டு இருந்துக்கிட்டு என்னமா மின்னுது, எங்க வூட்டுக்கு ரெண்டு குடேன் என்று ஒருநாள் கேட்டும் விட்டாள். போன வாரம் திங்கட்கிழமை அவள் வீட்டு ஜன்னலில் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் நீலமும் சிவப்புமாக நாலைந்து நீந்துவதைப் பார்த்தேன். நேரே போய்க் கேட்டிருக்கலாம், கேட்டால் இருபது வருஷப் பழக்கம் போய்விடும், கேட்காவிட்டால் தூக்கம் போய்விடும். அதனால் நம் ஊர்ப் பெண்கள் செய்வதைச் செய்தேன், மணவாளநல்லூருக்கு ஷேர் ஆட்டோ பிடித்துக் கொளஞ்சியப்பர் முருகனிடம் பிராது கட்டிவிட்டேன்.

பிராது எழுதித் தருகிறவர், எதிராளி எந்த ஊரு, கோயிலுலேர்ந்து எத்தினி தொலைவு என்று கேட்டார், நம்ம தெருதாங்க என்றேன். பேரு என்றார். பேர் எழுத மனசு வரவில்லை, அதற்கு இன்றைக்கும் முருகனுக்கு நன்றி சொல்கிறேன். என் மகள் ஆசையாக வளர்த்த மீன் குஞ்சுகளைக் களவாண்டது எந்த வாயோ அந்த வாய்க்கு அன்ன ஆகாரம் இறங்காமல் போகட்டும் என்று எழுதச் சொன்னேன். சீட்டை அந்தக் கோயிலிலேயே இருக்கும் முனியப்பர் சூலத்தில் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, மிஞ்சிப்போன கொண்டைக்கடலைச் சுண்டலில் ஒரு கைப்பிடி அலசி பீமனுக்குப் போட்டேன், பாவம், பத்துப் பதினைந்தைத் தோலோடு விழுங்கினான்.

மறுநாள் காலை விளக்கேற்றிவிட்டுத் திரும்புகிறேன், உன் பீமன் வாயில் ஒரு நீல வால் துடிக்கிறது. கண்ணெதிரே உள்ளே இழுத்துக்கொண்டான். இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். அன்று மத்தியானத்திலிருந்து அவன் சாப்பிடவில்லை. கண்ணாடியைத் தட்டினால் வருவதில்லை, வயிறு பந்து மாதிரி உப்பி, அப்பா யூனிட்டிலிருந்து கொண்டுவந்து போட்ட விரிசல் கப்புகளுக்கு நடுவே ஒருக்களித்துப் படுத்துவிட்டான். அந்தக் கப்புக்குள்ளேதான் மிச்சம் ஒன்பதும் ஒளிந்துகொண்டிருந்தன. கடலையால்தான் இப்படி, வயிறு அடைத்துக்கொண்டது என்றார் அப்பா. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று கெடு சொல்வார்கள், இங்கே முழுசாக ஒரு நாள் கூட ஆகவில்லை, அதற்குள் கொளஞ்சியப்பர் எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றிவிட்டார். எத்தனையோ பேர் எத்தனையோ வருஷமாகச் சொத்து வழக்குக்குக் கட்டிவிட்டுக் காத்திருக்கிறார்கள், அவருக்கு என் மீன் கேஸ்தான் அவசரமாகப் போயிற்று.

சரஸ்வதி பூஜை அன்றும் அவன் எழுந்திருக்கவில்லை. நீ பிளஸ் டூவில் மார்க் குறைந்து ஒரு மாதம் யாரோடும் பேசாமல் இருந்தபோது அந்தத் தொட்டி முன்னால்தான் உட்கார்ந்திருப்பாய், அவன் உன் விரல் பின்னாலேயே அலைவான், எல்லாம் ஞாபகம் வந்தது. என் பிள்ளை நம்பி விட்டுவிட்டுப் போன ஒன்றை நானே சாபம் போட்டுக் கொன்றுவிட்டேன் என்று நீ கேட்டால் என்ன பதில் சொல்வேன். அப்பா மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றிவிட்டு, நீதான கட்டுன, நீயே போயி அவுத்துட்டு வா என்றார். விஜயதசமி அன்று, ஊரெல்லாம் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொண்டிருக்க, நான் பிராதை வாபஸ் வாங்க, கோயில் கணக்கில் ராஜினாமா பண்ணப் போனேன். அதே ஆள். சமாதானம் ஆயிடுச்சாம்மா, எதிராளி ஒத்துக்கிட்டாரா என்றார். எதிராளி என் வீட்டு மீன்தாங்க, குத்தம் என்னுது, புரட்டாசின்னு சுண்டலைப் போட்டேன் என்றேன். பேனாவை வைத்துவிட்டு, ஏம்மா, முருகனுக்கே மயிலும் பாம்பும் ஒரே வூட்டுல கெடக்குது, அவரே அதுக்கு இன்னும் ஒரு வழி பண்ணல, நீ மீனுக்கு விரதம் வெச்சியா என்றார். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டேன், கண்ணில் தண்ணீரும் வந்தது.

அடுத்தது அன்புக்கரசி. தீனி டப்பா அவள் வீட்டில்தானே இருக்கிறது, போய் நின்றேன். எல்லாவற்றையும் சொல்லித்தான் வாங்க வேண்டும் என்று தோன்றியது, சொன்னேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ஓ, நான் மீன் திருடி, அதுவும் உன் வூட்டுல, கொலு சுண்டலையே உப்பில்லாம பண்ற வூட்டுல வந்து திருடுவேன், இது கடலூர்ல எங்க அண்ணன் வாங்கிக் குடுத்ததுக்கா, ரசீது வேணுமா என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். கத்தி முடித்துவிட்டு இறாலை எடுத்துக்கொண்டு அவளே நம் வீட்டுக்கு வந்துவிட்டாள், நீ தொடாத, நான் போடறேன், உன் பெருமாளு என்னை ஒண்ணும் கேக்க மாட்டாரு என்றாள். அன்றே அந்த ஒன்பதையும் அவள் கிண்ணத்தில் ஏற்றிவிட்டேன், அங்கே பயமில்லாமல் இருக்கின்றன. ஆனால் பீமன் அவள் கையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வியாழன் சாயங்காலம் போட்டதைத் துப்பினான், வெள்ளியும் துப்பினான். வயிறு வடிந்துவிட்டது, நிறம் மட்டும் சாம்பலாகிக்கொண்டே வந்தது. சனிக்கிழமை அன்புக்கரசி தங்கை வீட்டு விசேஷத்துக்குத் திட்டக்குடி போய்விட்டாள்.

மூன்றாம் சனிக்கிழமை காவியா. தளிகை போட்டு, மாவிளக்கு வைத்து, பெருமாளுக்குத் துளசி மாலை சாத்தி வைத்திருக்கிறேன். பத்து மணி இருக்கும், அப்பா தூங்குகிறார், பீமன் தரையோடு தரையாகக் கிடக்கிறான், செவுள் மட்டும் அசைகிறது. நான் பூஜை ரூம் கதவைச் சாத்தினேன். வெளிக் கதவைத் திறந்து அன்புக்கரசி மருமகளிடம் இறாலை வாங்கி வந்து, கிணற்றடியில் உட்கார்ந்து என் கையால் உரித்தேன். கவிச்சி பட்ட கை அப்படியே நாறியது. பெருமாளே, நீங்கள் மீனாக வந்த காலத்தில் துளசியா தின்றீர்கள், எந்தப் புராணத்திலும் எழுதவில்லையே, என்று சத்தமாகவே கேட்டேன். சின்னத் துண்டாக நறுக்கி, கரண்டியால் கண்ணாடியை இரண்டு தட்டு தட்டினேன். அவன் நிமிர்ந்தான். மெதுவாக, சாய்ந்து சாய்ந்து, இடது மூலைக்கு வந்து என் விரலில் இருந்தே வாங்கிக்கொண்டான். துப்புவான் என்று பார்த்தேன், துப்பவில்லை. இன்னொன்று கொடுத்தேன். ஐந்தாவது துண்டுக்கு வாலால் தண்ணீரை என் முகத்தில் அடித்தான், மரியாதை தெரியாத பயல்.

தலைக்குக் குளித்துவிட்டுப் பூஜை ரூம் கதவைத் திறந்தேன். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. திங்கட்கிழமை அன்புக்கரசி வந்து, இனிமே நான் போடறேன்கா என்று கையை நீட்டினாள், வேண்டாம் என்றுவிட்டேன். இதைப் போனில் சொல்லாததற்குக் காரணம் உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்பார், அவர் இன்னும் அன்புக்கரசிதான் போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், அப்படியே இருக்கட்டும்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, ஷிப்ட் முடிந்து தனியாக நடந்து வராதே, தலையில் எண்ணெய் வை. அன்புக்கரசி அத்தைக்கு மறக்காமல் போன் பண்ணு. தீர்க்காயுசாக, நோய் நொடி இல்லாமல், நல்ல மனசுக்காரர்கள் நடுவில் இரு என்று கொளஞ்சியப்பரும் பெருமாளும் மாதாவும் சேர்ந்து உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும். நான் எழுந்திருக்கிறேன், இறால் உரிக்க வேண்டும், புரட்டாசி முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

உன் அம்மா,
மா. அமுதவள்ளி