கீழே இருந்த ஸ்க்ரூ

கோபக்காரிக்கு,

நேற்று எக்ஸ்ரே மேசையில் உன்னைப் படுக்க வைத்து, எல்லோருக்கும் சொல்வதுபோல் "மூச்சை அடக்கிக்கோ" என்றேன். திரையில் படம் வந்தது. போன வருடம் உன் முதுகெலும்பில் வைத்த நாலு ஸ்க்ரூவில், கீழே இருந்த ஒன்றைச் சுற்றி மெல்லிய கறுப்பு வளையம்.

"மூச்சை விடு" என்று சொல்ல மறந்துவிட்டேன். இருபது வருடத்தில் யாருக்கும் மறந்ததில்லை. "ஏங்க, மூச்சு விடலாமா, இல்ல இப்படியே போயிடவா?" என்று நீதான் கத்தினாய்.

"படம் எப்படி இருக்கு?" என்று கேட்டாய். "டாக்டர் பாத்துட்டுச் சொல்வாங்க" என்றேன். முன்பின் தெரியாதவர்களுக்குச் சொல்லும் பதில் அது. வீடு வந்து சேரும்வரை நீ வாயே திறக்கவில்லை.

இன்று டாக்டர் பார்த்தார். அந்த ஸ்க்ரூவின் பிடி தளர்ந்துவிட்டதாம். மறுபடி திறந்து மாற்ற வேண்டுமாம். நீ நன்றாக நடப்பாய் என்பதை அவர் வாயால் மூன்று தடவை சொல்ல வைத்துவிட்டுத்தான் எழுந்தேன்.

நேரில் சொல்லத் தைரியமில்லை. நீ இதைப் படிக்கும்போது, சமையலறையில் கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டிருப்பேன். நேற்றிலிருந்து நீ மூச்சை அடக்கிக்கொண்டுதான் இருக்கிறாய்.

இப்போது விடு. விட்டுவிட்டு, வழக்கம்போல் திட்டிக்கொண்டே என்னைக் கூப்பிடு.

உன்னைப் படம் எடுத்தவன்