சங்குத்திட்டார் வாக்கோலைகள் கரை சேரும் வகை

கீழைக்கடல் காக்கும் வெண்கரை நாட்டுப் பேரரசி மாதங்கவல்லி தேவியார் திருவாய் மலர்ந்தபடி, அவர்தம் ஓலைநாயகம் ஆதிரைநல்லாள், சங்குத்திட்டுத் தலைவி செங்கமலத்தாருக்கும் அத்தீவில் சங்கு குளித்து வாழும் யாவர்க்கும் விடுக்கும் ஓலை. உங்கள் மூச்சு நீள்க; உங்கள் கூரைகளைக் காற்று மறந்து போக.

இங்கு அரசியார் நலம். பட்டத்து யானையும் நலம், சற்றே பருத்திருக்கிறது.

வரும் முழுநிலவு நாள் காலையில், ஓடங்களை நடத்தும் ஓடநாயகம் பதவிக்கான வாக்குக்குடம் மன்றத்தில் திறக்கப்படும். இப்போது அப்பதவியில் இருக்கும் வில்லவதரையரும், துறைமுகத்துக் காரிநங்கையாரும் போட்டியிடுகின்றனர். மன்றத்துக்கு வர இயலாதோர் ஓலையில் வாக்களித்து அனுப்பலாம் என்பது நம் சட்டம். சென்ற முறை நீங்கள் அனுப்பியவை அனைத்தும் தள்ளப்பட்டதை எண்ணினால் எமக்கு வருத்தம் வருகிறது. மறைப்பானேன், சிரிப்பும் வருகிறது. வாக்கோலையில் ஒரு பெயர் மட்டுமே இருக்க வேண்டும். நீங்களோ, வெறும் பெயரை எழுதி அரண்மனைக்கு அனுப்புவது மரியாதை அன்று எனக் கருதி, நலம் விசாரித்துக் கையொப்பமும் இட்டிருந்தீர்கள். உங்களில் கடம்பனாரோ, போட்டியாளர் இருவருமே நல்லவர்கள் என எழுதி, அடுத்த ஓடத்தில் கருப்பட்டியும் கேட்டிருந்தார்.

அதனால் வில்லவதரையர் வென்றார். வாரந்தோறும் உங்களிடம் வந்த ஓடம் முழுநிலவுக்கு ஒருமுறை என்றாயிற்று.

செங்கமலத்தாரே, தங்கள் மகளுக்கு நிறைமாதம் என்றும், மருத்துவச்சி கரையில் இருக்கிறார் என்றும், பிள்ளை என்ன நிலவு பார்த்தா பிறக்கும் என ஓடநாயகத்தைக் கேட்டுச் சொல்லுமாறும் தாங்கள் அனுப்பிய விண்ணப்பத்தை அரசியார் இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார். ஓடநாயகத்தை அழைத்து வினவினார். முழுநிலவுக்கு முன் ஓடம் செலுத்த ஆளில்லை என்றும், ஆகவே திட்டின் வாக்குகள் இம்முறை குடம் திறந்த பிறகே வந்து சேரும் என்றும் அவர் வருத்தத்துடன் தெரிவித்தார். வருத்தம் முகத்தில் மட்டும் தென்படவில்லை.

ஆகவே முறையைக் கேளுங்கள். வாக்கோலை வேண்டுவோர் தம் பெயரும் ஊரும் சொல்லி, பெருவிரல் பதித்து, அரண்மனைக் காவலரிடம் தாமே கேட்க வேண்டும். மாமியாருக்காக மருமகள் கேட்பது செல்லாது. வெற்றோலை கிடைத்ததும், பிறர் காணாதபடி ஒரே பெயரை எழுதிச் சுருட்டி உறையோலைக்குள் இடுக. உங்கள் பெயரும் விரற்பதிவும் உறையின் மேல் மட்டும். நலம் விசாரிக்க ஆசை எழுந்தால் தனி ஓலையில் விசாரியுங்கள், அரசியார் மகிழ்வார். பின்னர் உறையை அக்காவலர் ஏந்தி நிற்கும் குடத்தில் நீங்களே இட்டு, குடத்தின் வாயை அவர் மெழுகால் மூடக் கண்டு நிற்க.

எவர் பெயர் எழுதுவது என்பது உங்கள் உரிமை. வில்லவதரையர் பெயரையே எழுதினாலும் அரசியாருக்குக் குறையில்லை.

காவலரும் மருத்துவச்சியும் இந்த ஓலையுடன் வந்த ஓடத்திலேயே இருக்கின்றனர். ஓடம் செலுத்த ஆளில்லை என்றதால், ஆள் ஒருவரை அரசியாரே தேர்ந்தெடுத்தார். எதிரே துடுப்புடன் மூச்சு வாங்கி நிற்பவரே ஓடநாயகம் வில்லவதரையர். கைக்கொப்புளத்துக்கு வெண்ணெய் தடவி, கஞ்சி கொடுங்கள். குழந்தை பிறந்து, தாயும் சேயும் நலம் என்று மருத்துவச்சி சொன்ன பின்னரே அவர் குடத்தோடு கரை திரும்புக. அதுவரை, முழுநிலவு நாள் கடந்தாலும், மன்றத்தில் எக்குடமும் திறக்கப்படாது.

கயல் இலச்சினை பொறித்தோம். ஆணை இது, காற்றும் உடன்படுக.

பின்குறிப்பு: கடம்பனார் கேட்ட கருப்பட்டி ஓடத்தின் அடியில் உள்ளது.