திறந்தவர் பெயர்

மார்ச் 4
எங்கள் அலுவலகத்தில் இருக்கும் பொதுமக்களின் முகவரிப் பதிவுகள் எல்லாம் இன்று பிளாக்செயின் என்ற புது முறைக்கு மாறின. யார் ஒரு பதிவைத் திறந்தாலும் பெயர், நேரம், காரணம் மூன்றும் பதிந்துவிடும். ஏழு அலுவலகங்களில் ஒரே சமயத்தில் பிரதி விழும். ஒன்றில் கைவைத்தால் மற்ற ஆறும் காட்டிக்கொடுத்துவிடும் என்றாள் அதை அமைக்க வந்த இன்ஜினியர் பெண். "டைரக்டரே நினைச்சாலும் அழிக்க முடியாதா?" என்று கேட்டார் மேலாளர். "முடியாது சார்." அவர் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்தோம்.

மார்ச் 9
தம்பி வந்தான். உட்காரக்கூட இல்லை. அவன் மனைவி குழந்தையோடு வீட்டைவிட்டுப் போய் எட்டு மாதம். "அக்கா, அவ அட்ரஸ் உன் கம்ப்யூட்டர்ல இருக்கும்ல? எடுத்துக் குடு. என் பொண்ணைப் பாக்கணும்." அழுதான். அவன் அழுதால் எனக்குத் தாங்காது, சின்ன வயதிலிருந்தே.

மார்ச் 11
திறந்தேன். நாற்பது விநாடி இருக்குமா? காரணம் கேட்ட கட்டத்தில் 'சரிபார்ப்பு' என்று அடித்தேன். எங்கும் எழுதிக்கொள்ளவில்லை. ஆனால் மனப்பாடம் ஆகிவிட்டது – கதவு எண், தெரு, எல்லாம்.

மார்ச் 12
திறந்தவர் பெயர் பதிவுக்கு உரியவரின் போனுக்கே போகுமாம். டீ குடிக்கும்போது இன்ஜினியர் பெண் சாதாரணமாகச் சொன்னாள். அப்போ தம்பி பொண்டாட்டி பாத்திருப்பா. என் பேரைப் பாத்திருப்பா.

மார்ச் 13
புகார் வந்துவிட்டது. மேலாளர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "அழிக்க முடியாது. ஆனா கீழ விளக்கம் சேர்க்கலாம். கை தவறித் திறந்துட்டேன்னு எழுதிக் குடும்மா, மத்ததை நான் பாத்துக்கறேன்."
இருபத்திரண்டு வருட வேலை. ஒரே ஒரு வரி.

மார்ச் 14
தம்பி போனில் கத்தினான். "எடுத்தியா இல்லையா?" இல்லை என்றேன். "நீயெல்லாம் ஒரு அக்காவா? என் கையில கிடைக்கட்டும் அவ, அப்புறம் இருக்கு." மகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
போன வருடம் தம்பி மனைவியின் மணிக்கட்டு உடைந்தபோது ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனது நான்தான். பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று டாக்டரிடம் சொன்னதும் நான்தான். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் அப்படிச் சொன்னேன்? யாரைக் காப்பாத்தினேன் அன்னிக்கு?

மார்ச் 16
விளக்கம் எழுதினேன். தம்பி கேட்டதால் திறந்தேன். அவனிடம் முகவரியைச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அந்தக் கையை உடைத்தது யார் என்பதையும் எழுதினேன். மேலாளர் இரண்டு முறை படித்தார். "ஏத்திட்டா திரும்ப எடுக்க முடியாதும்மா. அந்தப் பொண்ணுக்கும் போயிடும்."
"தெரியும் சார். ஏத்துங்க."

மார்ச் 17
சாப்பாடு இறங்கவில்லை.

ஏப்ரல் 20
விசாரணை முடிந்தது. பதவி இறக்கம். இனி எந்தப் பதிவையும் திறக்க எனக்கு அனுமதி இல்லை. தபால் பிரிவில் போட்டுவிட்டார்கள். தம்பிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "கூடப் பொறந்தவனைக் காட்டிக்குடுத்துட்டியேடி" என்று அம்மா போனை வைத்துவிட்டாள்.

ஜூன் 6
தபால் பிரிவு ஜன்னலில் தம்பி மனைவியே வந்து நின்றாள். இளைத்திருந்தாள்.
"அண்ணி, நீங்க எழுதினதை வக்கீல்கிட்ட காட்டினேன். கோர்ட்ல வந்து அதையே சொல்லுவீங்களா?"
"சொல்றேம்மா."
குழந்தைக்கு முன்பல் விழுந்திருக்கிறதாம். வீடு மாறிவிட்டார்களாம். எங்கே என்று அவள் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.