ஆஸ்தே, லேடீஸ்!

ஆடி வெள்ளி, 1983. பவானிபூர்.

இன்று லேக் மார்க்கெட்டில் இறங்க எழுந்தேன். கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதில் மும்முரமாக இருந்தான். பஸ் நிற்கிற மாதிரி தெரியவில்லை. "ஆஸ்தே! லேடீஸ்!" என்று நானே கத்திவிட்டேன். பஸ் நின்றது. எல்லோரும் சிரித்தார்கள். "மாஷிமா, என் வேலையையும் நீங்களே எடுத்துக்குங்க" என்று கண்டக்டர் வங்காளியில் சொன்னான்.

வீட்டுக்கு வந்தும் சிரிப்பு அடங்கவில்லை. "என்னடி, தனியா சிரிக்கறே?" என்றார் இவர். ஒன்றுமில்லை என்றேன்.

இருபது வயதில், கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில், இதே வார்த்தையைக் கேட்டுப் பயந்துதான் ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்தேன். சீக்கிரம் இறங்கு என்று கண்டக்டர் அதட்டுவதாக நினைத்துவிட்டேன். முழங்காலெல்லாம் சிராய்ப்பு. என்னை அம்மாவிடமே அனுப்பிவிடுங்கள் என்று இவரிடம் அழுதேன்.

இருபது வயது அசடே, அவன் உன்னை விரட்டவில்லை. பெண்பிள்ளை இறங்குகிறாள், மெதுவாகப் போ என்று டிரைவரிடம் சொன்னான். உனக்கு இப்போது நாற்பத்து மூன்று வயது, இதே ஊரில்தான் இருக்கிறாய், நன்றாகவே இருக்கிறாய். குதிக்காதே. புடவையைச் சரிசெய்துகொண்டு நிதானமாக இறங்கு. பஸ் நிற்காவிட்டால் கத்துவதற்கு நான் இருக்கிறேன்.