மாத்திரையா, மாம்பழமா

2006 மே 8, திங்கள்

காலையிலேயே மொட்டை வெயில். லீவை நீட்டிக்க ஆலைக்குப் போன். என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் புதுப்பெண் என்னையே ஹோல்டில் போட்டாள். கும்மிடிப்பூண்டி இரும்பாலையில் இத்தனை வருஷம் டெலிபோன் போர்டு பார்த்தவளுக்கு இந்த மரியாதை.

புது மாத்திரை ஆரம்பித்து ஒரு வாரம். நுரையீரலில் புற்றுநோய். (அந்த வார்த்தையை முதல் தடவை எழுதுகிறேன். கையெழுத்து என்னுடையது மாதிரி இல்லை.) பீடி குடித்தது இவர். கட்டி எனக்கு.

சென்னை டாக்டர் சொன்னது: கட்டியில் இருக்கும் செல்லுக்கு 'வளரு, வளரு' என்று ஓயாமல் சிக்னல் போகிறதாம். மாத்திரை போய் அந்த லைனை மறித்துக்கொள்ளுமாம். மேனேஜரின் மாமியார் கூப்பிட்டால் நான் செய்கிற அதே வேலை. புரிந்தது.

"தோலுக்கும் அந்த லைன்தாம்மா. முகத்துல பரு மாதிரி வந்தா பயப்படாதீங்க, நல்ல அறிகுறி. வரலேன்னா மருந்து வேலை செய்யலேன்னு அர்த்தமில்ல."

கடைசி வாக்கியம் மட்டும் இவர் காதில் விழவில்லை. என் காதிலும்தான்.

மே 10, புதன்

முகம் மொழுமொழு. எளாவூர் லாரி புக்கிங் ஆபீசுக்குக் கிளம்புமுன் இவர் டார்ச் அடித்துப் பார்க்கிறார். பெண் பார்க்க வந்தபோதுகூட இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை.

"இன்னாமே, ஒன்னுகூட வர்ல?"

"வயசுல வராதது நாப்பத்தெட்டுல வருமா?"

சிரிக்கவில்லை.

இன்று முதல் வீட்டில் மாம்பழத்துக்குத் தடை. "சூட்டுக்குப் பரு வந்துச்சின்னா? மாத்திரையா, மாம்பழமான்னு பேஜாரா பூடும்."

இருமல் அப்படியே. மாடிப்படியில் பாதியில் நின்றுவிட்டேன். கீழே போன் அடித்து ஓய்ந்தது.

மே 13, சனி

பக்கத்து வீட்டு நூர்ஜஹான் அக்கா, கூடையோடு. "எங்க அண்ணன் ஆந்திரா பக்கம் போய்க்கினு வந்துச்சி தங்கச்சி. பங்கனப்பள்ளி. சளிக்கு ஆவாதுன்னு சொல்லாத." (ஊருக்குச் சொல்லியிருப்பது சளி.) எதிர்வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு ஆரணிக்குப் போன கதையும் கிடைத்தது. முழுசாகக் கேட்டேன். கேட்டுக்கொண்டிருந்தவரை பயமில்லை.

கூடையை இவர் ஆபீசுக்குத் தூக்கிக்கொண்டு போனார். ஒன்று மட்டும் நான் குக்கருக்குள் ஒளித்துவிட்டேன். தொட்டி ஓரம் நின்று, முழங்கை வழியத் தின்றேன். சாகப்போகிறவளுக்கு என்ன தடை என்று ஒரு நினைப்பு வந்தது. அப்புறம் ருசி இல்லை.

மே 15, திங்கள்

மூக்கில் ஒன்று. சிவப்பாக.

"வந்துகிச்சிமே! லைன் கட்டாயிடிச்சி!" குதித்தார். சாமி படத்துக்குக் கற்பூரம். என் மூக்குக்கும் காட்டிவிடுவாரோ என்றிருந்தது.

நான் அந்த மாங்கொட்டையை நினைத்துக்கொண்டு நின்றேன். சொல்லவில்லை.

மே 18, வியாழன்

கன்னம், நெற்றி, முதுகு. தலைக்குள்ளும் அரிப்பு. ஒரே ஒரு பழம் இவ்வளவு செய்யுமா?

நூர்ஜஹான் அக்கா: "இன்னாடி இது, மறுபடியும் வயசுக்கு வந்துட்டியா?"

இவர் குளிக்கப் போன நேரம் டாக்டருக்குப் போன். மாம்பழ விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "தாராளமா சாப்பிடுங்கம்மா. இது மருந்தோட பரு மாதிரிதான் தெரியுது. ஆனா ஸ்கேன் பாக்காம நான் ஒன்னும் சொல்ல மாட்டேன்."

சிரித்துக்கொண்டே சொன்னதுதான் பயமாக இருக்கிறது.

ஜூன் 4, ஞாயிறு

மேகம். பெய்யவில்லை. நாளை ஸ்கேன். எடுத்து வைத்தது: பழைய ஸ்கேன் படம், தண்ணீர், ஸ்வெட்டர் (அந்த அறை குளிரும்). இருமல் குறைந்த மாதிரி. மாதிரிதான்.

சாயந்திரம் இவர் ஒரு பை நிறையக் காயாக மாங்காய் கொண்டுவந்தார். ஒவ்வொன்றாக அரிசி டிரம்முக்குள் புதைத்தார்.

"இந்தவாட்டி குக்கர்ல ஒளிக்க வாணாம்."

"தெரிஞ்சேவா அன்னிக்கு அப்படிக் குதிச்சீங்க?"

அரிசியைத் தள்ளி மேலே மூடினார். முகத்தை என் பக்கம் திருப்பவே இல்லை.

"பழுக்க ஒரு வாரம் ஆவும். தெனம் நீதான் அமுக்கிப் பாக்கணும்."